மின்விசிறிக்கும் கீழே ஒரு குரல்

முதியவர்களுக்குக் காது மிஷின் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதித் தரும்படி உங்கள் சங்கத்தின் ஆண்டு மலர்க் குழுவிலிருந்து மூன்று பேர் தனித்தனியாகப் போனில் கேட்டீர்கள். மூவரும் ஒரே நிபந்தனையைச் சொன்னீர்கள்: தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கப்போவது, அதனால் கொஞ்சம் உற்சாகமாக இருக்க வேண்டும். உற்சாகமாக இருக்காது. இதை இப்போதே சொல்லிவிட்டால் பிறகு என்மேல் குறைப்பட மாட்டீர்கள்.

நான் எதையும் எண்ணுகிற ஆள். என் மனைவி இதை வியாதி என்பாள். கல்கத்தாவில், டாக்குரியா பகுதியில் நான் வேலை பார்த்த கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்கு எட்டு நாற்காலிகள். அவற்றில் ஒன்று ஆடும். அந்த ஆடும் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு உள்ளே வேலையில் மனம் ஓடாது. வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் எண்ணி வைத்திருக்கிறேன். முதல் கேள்வி, மிஷின் வெளியே தெரியுமா என்பது. இரண்டாவது, விலை. மூன்றாவது, போனோடு சேருமா என்பது. அதைக் கேட்பது மகன். நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதை அவர்கள் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். இந்த வீட்டில் யாருடைய குரல் இவருக்குக் கேட்டே ஆகவேண்டும்?

வயதாகிக் காது போவது திடீரென்று போவதில்லை. சத்தம் கேட்கும், சொல் புரியாது. ஆண் குரல் கேட்கும், குழந்தையின் குரல் நழுவும். 'கத்தாதே' என்பார், அடுத்த நிமிடம் 'வாயைத் திறந்து பேசு' என்பார். வீட்டில் உள்ளவர்கள் இதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். சோதனை அறையில் நாம் ஊதலும் மணியுமாக ஒலிகளைக் கொடுத்து அளந்து ஒரு கோடு வரைகிறோம். அந்தக் கோடு உண்மைதான். ஆனால் அந்த அறையில் அவருடைய வீடு இல்லை. இதை எனக்குக் காட்டியவர்கள் லேக் கார்டன்ஸில் இருந்த ஒரு தம்பதி. அதை எழுதுகிறேன். இதில் தவறு செய்தவர் என்று நீங்கள் யாரையும் பிடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். துர்கா பூஜைப் பந்தலுக்குத் தெருத்தெருவாக மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். சேஷாத்ரி என்பவர் வந்தார். எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். அவருடைய காதில் பழைய மிஷின் ஒன்று இருந்தது. அவர் தலையைத் திருப்பினால் கூவும். மனைவிக்குப் பல வருஷமாகப் பார்க்கின்சன்ஸ் வியாதி, படுக்கையோடு சரி. ஒரே மகன் புனாவில். பகலும் இரவும் பார்த்துக்கொள்ள சந்தியா என்று ஓர் ஆயா.

அவருடைய பிரச்சினை எங்கள் ஊருக்கே உரியது. வீடு இரண்டாம் மாடி. பாடாவின், அதாவது அந்தப் பேட்டையின், பந்தல் சரியாக அவர்கள் ஜன்னலுக்குக் கீழே.

"போன வருஷம் பூஜை அஞ்சு நாளும் மிஷினைக் கழட்டி அலமாரில வெச்சுட்டேன் சார்," என்றார். "டாக் மேளம் அடிக்கறான் பாருங்கோ, என் மண்டைக்குள்ள உக்காந்துண்டு அடிக்கறாப்பல இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். சத்தம் வேண்டாம்."

காது கேட்கவில்லை என்று வருகிறவர் சத்தம் வேண்டாம் என்று கேட்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு அது தினமும் கேட்கிற வேண்டுகோள். மகன் வீடியோவில் வந்து அதையே சொன்னான். ஐந்து நாள் அப்பா காது கேட்காமல் இருந்தால் அம்மாவை யார் பார்ப்பது என்ற அவனுடைய கவலை நியாயமானது. விலை பற்றி யோசிக்க வேண்டாம், இரைச்சலை அடியோடு தடுக்கும் புது மாடல் எதுவோ அதைக் கொடுங்கள் என்றான்.

என்னுடன் அப்போது மௌமிதா என்ற பெண் வேலை பார்த்தாள். அவசரப்படாதவள், நோயாளியிடம் குரலை உயர்த்தாதவள். அவள்தான் சேஷாத்ரிக்கு மிஷின் பொருத்தினாள். அளவெடுத்ததில் பிழை இல்லை. வங்காளிச் சொற்கள் இருபத்தைந்து கொடுத்தாள், இருபத்திரண்டைத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் மேளச் சத்தத்தை ஓடவிட்டுக்கொண்டே பேசிப் பார்த்தாள், புரிந்தது. இரைச்சல் தடுப்பை அவர் கேட்டபடி மேல்படியில் வைத்தாள். மேளம் அடிக்கும்போது அந்த மனிதருடைய முகம் தளர்ந்ததை நானும் பார்த்தேன். தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பூஜை முடிந்து, விஜயதசமி வாழ்த்துச் சொல்ல ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு எடுத்துக்கொண்டு வந்தார். தசமி கழிந்து ஐந்தாம் நாள் வருகிற லட்சுமி பூஜையும் தாண்டியிருந்தது; தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். டப்பாவில் பன்னிரண்டு, கிளினிக்கில் பதினோரு பேர். அந்தப் பன்னிரண்டாவது சந்தேஷ் யாருக்கு என்ற கவலையில் அவர் பேசியதில் முதல் பகுதி எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"இந்த வருஷம் பந்தலே போடலையோன்னு தோணித்து சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அவ்வளவு அமைதி. ஆத்துல ஃபேன் சுத்தறதா இல்லையான்னு தலையைத் தூக்கிப் பாத்துதான் தெரிஞ்சுக்கறேன்."

அதை நான் வங்காளியில் சொன்னதும் மௌமிதாவுக்குச் சந்தோஷம். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவளும் அமைதியாயிட்டா. பேச்சே போயிடுத்து. இப்படித்தான் ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்கார்." கொஞ்ச நேரம் டப்பாவின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, என் முகம் வாடிவிட்டதைப் பார்த்தோ என்னவோ, வங்காளிக்கு மாறினார். எல்லோருக்கும் சொல்வதுபோல ஒன்று சொன்னார்.

அவர் சொன்னது இதுதான். கல்யாணமாகி வந்து ஐம்பது வருஷமாகியும் அவர் மனைவிக்கு வங்காளி வந்ததில்லை. காய்கறிக்காரனிடம் உருளைக்கிழங்கு கேட்கிற அளவுக்குத் தெரியும். வியாதி முற்றியதும் அதுவும் போய்த் தமிழ் மட்டும் நின்றது. அதனால் ஆயாவோடு அவருக்குப் பேச்சே கிடையாது. ஆனால் இப்போது, வாய் அடங்கிப்போன பிறகு, ஆயாவிடம் வங்காளி பேச ஆரம்பித்திருக்கிறாராம். ஆயாவே சொன்னாளாம். 'பொலி, பொலி' என்கிறாராம். இந்தப் பொலியில் வருவது 'பாபு' என்பதில் வருகிற ப. வங்காளியில் அதற்கு 'சொல்றேன்' என்று அர்த்தம். 'சொல்லுங்கள் மாஷிமா, என்ன சொல்லப் போகிறீர்கள்' என்று ஆயா பக்கத்தில் போய் நின்றால், திரும்பவும் பொலி என்பதோடு சரி, மேலே ஒன்றும் சொல்வதில்லையாம்.

"புடவைக் கடையிலயும் அப்படித்தான் சார் பண்ணுவா," என்று என் பக்கம் திரும்பித் தமிழில் முடித்தார். "சொல்றேன் சொல்றேம்பா. கடைசி வரைக்கும் எது வேணும்னு சொல்ல மாட்டா."

அதை மற்றவர்களுக்கு வங்காளியில் சொன்னேன்; அறையில் எல்லோரும் சிரித்தோம். அவர் போன பிறகு மௌமிதா கம்ப்யூட்டரில் 'மிகவும் திருப்தி' என்று பதிந்தாள்.

எனக்கு அந்தப் பிற்பகல் முழுவதும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சந்தேஷ் அல்ல; அது மௌமிதாவின் தாயாருக்குப் போய்விட்டது. அந்த வீட்டின் குரல்களை எண்ணிப் பார்த்தேன். மகன், போனில். ஆயா. டி.வி. மனைவி. நான்கு. முதல் மூன்றுக்கும் மிஷின் அருமையாக வேலை செய்கிறது. நான்காவது நின்றுவிட்டது. எப்போது நின்றது? மிஷின் மாற்றிய பிறகு.

மௌமிதாவிடம் கேட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது வங்காளியில்.

"வியாதி, ஸார்," என்றாள். "பார்க்கின்சன்ஸில் குரல் தேய்ந்துகொண்டே போகும். நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்."

"வியாதி குரலை எடுத்துக்கொண்டது என்றால் பொலி என்பது ஆயாவுக்கு எப்படிக் கேட்கிறது?"

"ஆயாவுக்குக் காது நன்றாக இருக்கிறது."

"சேஷாத்ரிக்கும் நாம் நல்ல காது கொடுத்திருக்கிறோம் அல்லவா?"

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். கம்ப்யூட்டரில் 'திருப்தி' என்ற சொல் அப்படியே இருந்தது.

நோயாளியின் வீட்டுக்குப் போவது எங்கள் கிளினிக்கில் வழக்கமில்லை. அனுமதி கேட்பதானால் பத்துப் பேரிடம் கேட்க வேண்டும். நான் யாரிடமும் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை போனேன். லட்சுமி பூஜைக்கு இரண்டு வாரம் கழித்து வருகிற காளி பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். பகலிலேயே எங்கேயோ பட்டாசு வெடித்தது. சந்தியா கதவைத் திறந்தாள். கனத்த உடம்பு, எட்டு வீட்டுக்குக் கேட்கிற தொண்டை. சேஷாத்ரிக்கு அவள் பேச்சுத்தான் ஏற்றது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் ஜன்னலோரம் கட்டிலில் படுத்திருந்தார். தலைமாட்டுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பிரம்பு நாற்காலி. பகல் முழுவதும் சேஷாத்ரி அதில்தான் இருக்கிறார் என்று நாற்காலியின் பள்ளத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேலே மின்விசிறி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எதிரே உட்கார்ந்தேன். சேஷாத்ரி உற்சாகமாகப் பேசினார். எனக்கு அவர் பேச்சில் கவனம் இல்லை. அந்த அம்மாளின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உதடுகள் அசைந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சேஷாத்ரி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த சந்தியா குனிந்தாள்.

"பொலோ மாஷிமா, பொலோ," என்றாள். சொல்லுங்கள் அம்மா, சொல்லுங்கள் என்று அர்த்தம். என்னைப் பார்த்து, பாருங்கள், ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்தாள்.

அவள் சொன்னது சேஷாத்ரிக்குத் தெளிவாகக் கேட்டது. உடனே மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"சொல்லேன். சொல்லு. சார் கிளினிக்லேர்ந்து வந்திருக்கார். அவர்கிட்டதான் சொல்லேன்."

அந்த அம்மாளின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்த வியாதியில் முகத்தின் தசைகள் இறுகிவிடும். கோபம், சிரிப்பு, வேதனை எதுவும் முகத்துக்கு வராது. உதடுகள் மட்டும் மறுபடி அசைந்தன. நான் எழுந்து போய் என் காதை அவர் வாயருகே வைத்தேன். எனக்கும் அறுபதாகிறது, என் காதும் பழைய காது அல்ல. மூச்சோடு மூச்சாக ஒரு சொல் வந்தது. பொலி.

ஆமாம், எனக்கும் பொலி என்றுதான் கேட்டது. நாற்பது வருஷமாகக் கல்கத்தாவில் இருக்கிறேன். வெளியே புழங்குவது முழுக்க வங்காளி. அந்தக் காதுதான் முதலில் முந்திக்கொண்டது. வங்காளிகளின் வாயில் 'வ' நிற்காது, 'பொ' ஆகிவிடும்; அவர்கள் காதிலும் அப்படித்தான். நான் இன்னும் குனிந்தேன்.

"வலி," என்றார் அந்த அம்மாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வயத்துல" என்றார்.

வயிற்றில் எந்தப் பக்கம் அம்மா என்று தமிழில் கேட்டேன். கண்கள் என் பக்கம் திரும்பின. உதடுகளைத் தவிர அவரால் அசைக்க முடிந்தது கண்களைத்தான். கையைப் பிடித்தேன், சுட்டது. போர்வைக்கு மேலே வயிற்றின் வலப்பக்கம் லேசாகக் கை வைத்தேன். அதற்கே உடம்பு முழுவதும் விதிர்த்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"என்ன சொல்றா சார்?" என்றார் சேஷாத்ரி. "உங்களுக்குக் கேட்டுதா?"

"வலிக்குதுன்னு சொல்றாங்க சார்."

"வலியா? ஆயா பொலின்னாளேன்னு..."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு தொழில் பேச வேண்டியிருக்கிறது. அவருடைய பழைய மிஷினுக்கு அறிவு கிடையாது. மேளம், மின்விசிறி, மனைவி எல்லாம் அதற்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் பெரிதாக்கி ஒரே குப்பையாகக் காதில் கொட்டும். அந்தக் குப்பையிலிருந்து தம் மனைவியின் குரலை எப்படிப் பொறுக்குவது என்று சேஷாத்ரி பல வருஷங்களில் பழகியிருந்தார். புதிய மிஷினுக்கு அறிவு உண்டு. எது வேண்டும், எது வேண்டாம் என்று அது முடிவு செய்யும். பேச்சு என்றால் ஏறி இறங்கும். இரைச்சல் என்றால் ஒரே சீராக இருக்கும். மிகத் தாழ்ந்து சீராக வருவதை அது இரைச்சலில் சேர்த்து அடக்கிவிடும். அந்த அம்மாளின் குரல் வியாதியால் ஏற்ற இறக்கத்தை இழந்து மின்விசிறிக்கும் கீழே போயிருந்தது. மின்விசிறியை அணைத்த மிஷின் அவரையும் சேர்த்து அணைத்தது. செய்யச் சொன்னதைத்தான் அது செய்தது. அந்த வீட்டில் காது கேட்கிறவளுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவருக்குக் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் வலி, வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். சொல்லு, சொல்லு என்றார்கள்.

அவசரத்தில் எது முதலில் என்று முடிவு செய்வது உங்கள் வேலையில் ஒரு பகுதி. பையில் லேப்டாப் இருந்தது. இரண்டு நிமிடத்தில் மிஷினைத் திருத்தி, கணவரை மனைவியின் குரலைக் கேட்க வைத்திருக்கலாம். அதற்காகத்தான் போயிருந்தேன். அதைச் செய்யவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். கருவியைச் சரிசெய்கிற ஆசை நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆசை. அதை ஒத்திப்போடத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸில் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் சேஷாத்ரி. பின்னால் நானும் சந்தியாவும். மாஷிமா பொலி என்று எப்போதிலிருந்து சொல்கிறார் என்று அவளிடம் கேட்டேன். சொன்னாள். ஏன் கேட்கிறீர்கள் என்றாள். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். அதன் பிறகு காளிகாட் வரை மாஷிமாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அங்கே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், எப்போதிலிருந்து வலி என்று. அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சந்தியா சொன்னதை அப்படியே சொன்னேன். டாக்டரிடம் எண்ணைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பித்தப்பையில் சீழ் கோத்துப் பரவிவிட்டது என்றார். ஆபரேஷன் செய்தாலும் ஒன்றும் சொல்வதற்கில்லை, செய்யாவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்றார்.

மீதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் ஆபரேஷனைத் தாண்டினார். காளி பூஜை கழிந்து வருகிற ஜகத்தாத்ரி பூஜை வரை இருந்தார். வீடு திரும்பவில்லை. அன்று மாலையே மௌமிதா நர்சிங் ஹோமுக்கு வந்தாள். நான் போனில் அவளிடம் ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். வாசலில் நின்றபடியே, நான் பொருத்தியதுதானே ஸார் என்றாள். நீ பொருத்தினாய், நான் கையெழுத்துப் போட்டேன், மகன் கேட்டான், அவர் கேட்டார் என்று எண்ணிக் காட்டினேன். எண்ணிக்கை அவளுக்கு ஆறுதலாக இல்லை. உள்ளே போய் இரைச்சல் தடுப்பைக் கீழே இறக்கினாள். சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக் ஒன்று கொண்டுவந்திருந்தாள். மறுநாள் அந்த அம்மாளைப் பார்க்க விட்டபோது அதைத் தலையணை ஓரத்தில், வாய்க்குப் பக்கத்தில் குத்தினாள். மிஷினின் விலையில் ஒரு சிறு பகுதிதான் அது. சேஷாத்ரிக்குக் கேட்டது. அவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அந்த நாட்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டதில்லை. மைக் வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்பேன். செய்யறது என்பார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளியே தெரியாத மிஷின் வேண்டும் என்றால், நடுங்குகிற விரல் அதைத் திறந்து மூடுமா என்று பாருங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்த வீட்டின் குரல்களை எண்ணுங்கள். யார், எந்த மொழியில், எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு பலத்தோடு பேசுகிறார்கள் என்று கேளுங்கள். மிகப் பலவீனமான குரல் எதுவோ அதற்கு மிஷினைப் பொருத்துங்கள். பலமான குரல்கள் எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தக் குரலுக்கு உரியவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவர முடியாது என்றால் நீங்கள் போங்கள். நோயாளி வந்து அமைதியாக இருக்கிறது என்றால் சந்தேஷை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். காது மிஷின் போட்டவருடைய வீட்டில் ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டால், அவர் நிறுத்தவில்லை என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

இதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது. அதில் உங்களுக்குப் பாடம் ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. மௌமிதா இன்னும் வந்திருக்கவில்லை. மிஷின் பழைய அமைப்பிலேயே இருந்தது. நீளமான தாழ்வாரம். சேஷாத்ரியும் நானும் ஒரு பெஞ்சில். எதிர்ச்சுவர் ஓரம், சற்றுத் தள்ளி, சந்தியா மாஷிமாவின் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் சக்கரம் தேய்ந்த ட்ராலி ஒன்றைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பட்டாசு.

"சார், ஒண்ணு கேக்கறேன்," என்றார் சேஷாத்ரி. "எப்போலேர்ந்து வலி வலின்னு சொல்லிண்டிருந்தா?"

எண்ணுகிற ஆள் நான். எண் என்னிடம் தயாராக இருந்தது. அது எந்த நாளில் ஆரம்பித்தது, அந்த நாட்களில் அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எந்த நாளில் எங்களுக்குச் சந்தேஷ் கொண்டுவந்து என்ன கதை சொல்லிச் சிரிக்க வைத்தார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருந்தது.

"நேத்து ராத்திரிலருந்துதான் இருக்கும் சார்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தாண்டிப் பார்த்து, சந்தியாவிடம் அதே கேள்வியை வங்காளியில் கேட்டார்.

நான் சொன்னது தமிழ், அவளுக்குப் புரிந்திருக்காது. என்ன சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லிவைக்க எனக்குத் தோன்றவுமில்லை. அவளுக்கு மெதுவாகப் பேச வராது, பொய்யும் வராது.

"லொக்கி புஜோ தேகே, மேஷோமஷாய்," என்றாள். லட்சுமி பூஜையிலிருந்து, ஐயா.

ட்ராலியையும் பட்டாசையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அந்த மிஷின் அவள் சொன்னதை ஓர் எழுத்துக் குறையாமல் எடுத்து அவர் காதில் வைத்தது. அதற்காகத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

சேஷாத்ரி வலது காதின் பின்னால் கையைக் கொண்டுபோனார். கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. விரலால் அதைச் சரியாக அழுத்தி வைத்துக்கொண்டார்.

"நன்னா கேக்கறது, சார்," என்றார்.